அதிகாலை மூன்று மணிக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்துக்கு

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று உறுதிசெய்தார்கள். ஐந்தாறு சொற்கள் மட்டுமே பேசுவான். இரவு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ விழித்தால் விடியும்வரை தூங்கமாட்டான். ஒரு மாதமாகத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறான். வேலையை விட்டுவிட்டு, நான்கு வகைத் தெரபிக்கு அவனை அழைத்துக்கொண்டு அலைகிறேன். கைப்பேசியைக் கையில் கொடுத்து நான்தான் கெடுத்தேன் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கணவர் தாமதமாக வீடு திரும்புவார். "நீ எல்லாவற்றையும் பெரிதுபடுத்துகிறாய்" என்பார். சென்ற வாரம் முதல் முறையாக அவனை அடித்துவிட்டேன். இவன் பிறக்காமலேயே இருந்திருக்கலாம் என்று ஓர் இரவு தோன்றியது. இப்போதெல்லாம் அவன் சிரித்தால்கூட எனக்குள் ஒன்றும் அசைவதில்லை. நான் மோசமான தாயா? எனக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதை எழுதும்போது மணி மூன்று.
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

ஆலோசனை:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அதன் கடைசி வரியைத்தான். எல்லோரும் உறங்கும் நேரத்தில் விழித்திருந்து, நடந்தவற்றை ஒன்றுவிடாமல், அடித்ததையும்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். மோசமான தாய் இப்படி ஒரு கடிதம் எழுதமாட்டார். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இத்தகைய பெற்றோர்களுடன் பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசியவன் என்ற முறையில் சொல்கிறேன். "இவன் பிறக்காமலேயே இருந்திருக்கலாம்" என்று உங்களுக்குத் தோன்றியதை மிகுந்த நடுக்கத்துடன் எழுதியிருக்கிறீர்கள். இதே வாக்கியத்தை, ஏறக்குறைய இதே சொற்களில், குழந்தைக்காக எதையும் செய்யத் தயங்காத தாய்மார்களும் தந்தையரும் என்னிடம் தலைகுனிந்தபடி சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் உண்மையில் என்ன வேண்டியிருந்தது என்று பொறுமையாகக் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: அந்த இரவு முடிந்தால் போதும் என்றிருந்தது. பிள்ளை வேண்டாம் என்பதும் இந்த இரவு வேண்டாம் என்பதும் வேறு வேறு. பல மாதங்கள் உறங்காத மனதால் இரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது.

மேற்கொண்டு எழுதுவதற்கு முன் உங்களிடம் நேரடியாக ஒன்று கேட்க வேண்டும். அந்த எண்ணம் அங்கேயே நின்றுவிடுகிறதா, அல்லது உங்கள் உயிரை முடித்துக்கொள்வது, குழந்தையையும் உடன் அழைத்துச் செல்வது என்ற இடம்வரை எப்போதாவது நீள்கிறதா? ஒரு முறை நீண்டிருந்தாலும், இந்தப் பதிலின் மீதிப் பகுதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரை உடன் அழைத்துக்கொண்டு அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரவாக இருந்தால் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; மார்வலியைச் சொல்வது போலத்தான் இதுவும்.

இனி, கைப்பேசியைப் பற்றிய பழி. லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து ஆட்டிசத்தைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதியது 1943இல். அன்று எந்தக் குழந்தையின் கையிலும் கைப்பேசி இல்லை. ஆனால் பழி மட்டும் அன்றே இருந்தது. தாயின் பாசம் குளிர்ந்துபோனதால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கிக்கொள்கிறது என்ற கருத்து அடுத்த இருபது, முப்பது ஆண்டுகள் மருத்துவ உலகிலேயே செல்வாக்குடன் இருந்தது. குழந்தை உளவியலாளராக அறியப்பட்ட புருனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அதைப் பரப்பினார்கள். எத்தனையோ தாய்மார்கள் தாங்கள்தான் காரணம் என்று நம்பியபடியே வாழ்ந்து முடித்தார்கள். அந்தக் கருத்தை 1964இல் சான்றுகளோடு எதிர்த்து எழுதிய பெர்னார்டு ரிம்லாண்டு ஓர் உளவியலாளர். ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும்கூட. பெற்றோர்களின் மேல் பழி விழக் காரணமானவர்களில் ஒருவரான கேனரே, 1969இல் பெற்றோர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், அவர்கள் மீது குற்றமில்லை என்று அறிவித்தார். ஆட்டிசம் உருவாவதில் மரபணுக்களின் பங்கே மிகப் பெரியது என்பதை இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. கைப்பேசியை நெடுநேரம் பார்ப்பது உறக்கத்தைக் கெடுக்கும், ஆகவே அதைக் குறைப்பது நல்லது. ஆட்டிசம் அதனால் வந்ததில்லை. உறவினர்கள் அடுத்த முறை அந்தப் பேச்சை எடுக்கும்போது, "மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை" என்ற ஒரே வாக்கியத்தோடு எழுந்து சென்றுவிடுங்கள். வாதாடுவதற்குச் செலவிட உங்களிடம் இப்போது வலுவில்லை. இருக்கும் வலு வேறு காரியங்களுக்கு வேண்டும்.

"அவன் சிரித்தால்கூட எனக்குள் ஒன்றும் அசைவதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் குற்றமாக நினைக்கும் இதை நான் ஓர் உடல் அறிகுறியாகப் பார்க்கிறேன். நெருக்கடியைச் சமாளிக்க உடல் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், இயல்பாகக் காலையில் உயர்ந்து மாலைக்குள் படிப்படியாகத் தாழ வேண்டும். வளரிளம் பருவத்திலும் அதற்கு மேலும் உள்ள ஆட்டிசம் பிள்ளைகளின் தாய்மார்களை ஆராய்ந்து, 2010இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தத் தாய்மார்களின் கார்ட்டிசால் நாள் முழுவதும் தாழ்ந்தே இருந்தது. நீண்ட காலம் கடும் நெருக்கடியில் வாழ்ந்தவர்களிடமும், போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களிடமும் காணப்படும் அமைப்பை அது ஒத்திருந்தது. எப்போதும் ஒலித்துக்கொண்டேயிருக்கும் அபாயமணிக்கு ஒரு கட்டத்தில் உடல் செவி கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. அப்போது அச்சம் மட்டும் மரத்துப்போவதில்லை, மகிழ்ச்சியும் சேர்ந்தே மரத்துப்போகிறது. இதோடு, எதிலும் நாட்டமின்மை, பசி மாறுதல், தன்னை வெறுத்தல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மகனுக்காக எத்தனையோ மருத்துவர்களைப் பார்த்திருக்கும் நீங்கள், உங்களுக்காக ஒருவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

ஆட்டிசம் எவ்வளவு தீவிரமாக இருக்கிறதோ அவ்வளவு பெற்றோரின் மன அழுத்தமும் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆய்வுகள் காட்டுவது சற்று வேறானது. பெற்றோரைச் சாய்ப்பவை பெரும்பாலும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், கட்டுக்கடங்காத கத்தல் போன்ற நடத்தைகளும், உறக்கமின்மையும், துணையில்லாத தனிமையும்தான். பேச்சு வராததோ கண்ணோடு கண் பார்க்காததோ அந்த அளவுக்குச் சாய்ப்பதில்லை. இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஆட்டிசம் உங்கள் மகனின் இயல்பு, அது அவனோடு இருக்கும். உறக்கமும் நடத்தையும் தனிமையும் மாற்றக்கூடியவை. மேலும், குழந்தையின் நடத்தை பெற்றோரின் அழுத்தத்தைக் கூட்டுகிறது, அந்த அழுத்தம் திரும்பக் குழந்தையின் நடத்தையைக் கூட்டுகிறது. இது இரு திசையிலும் ஓடும் ஓட்டம். ஆகவே உங்கள் பாரத்தைக் குறைப்பது அவனுக்கான சிகிச்சையின் ஒரு பகுதிதான். அவனுக்குச் செய்வதெல்லாம் செய்து முடித்த பிறகு, நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கக்கூடியது இல்லை.

முதலில் இரவை எடுத்துக்கொள்வோம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உறக்கச் சிக்கல் இருக்கிறது என்பதால், "இந்தக் குழந்தைகள் இப்படித்தான்" என்று சொல்லி மருத்துவர்களும் சில நேரம் கடந்துவிடுகிறார்கள். அப்படிக் கடக்க விடாதீர்கள். நள்ளிரவில் விழித்து அழும், பேச இயலாத ஒரு குழந்தைக்கு மலச்சிக்கல் இருக்கலாம், உணவு எதுக்களித்து நெஞ்சு எரியலாம், சொத்தைப் பல் வலிக்கலாம், காதில் தொற்று இருக்கலாம், இரும்புச்சத்து குறைந்து கால்களில் அமைதியின்மை இருக்கலாம். உறக்கத்தில் வரும் வலிப்பையும் மறந்துவிடக் கூடாது. தலையை முட்டிக்கொள்வது ஒரு மாதமாகத்தான் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் மிக முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். முன்பு இல்லாத ஒன்று புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்றால், காது, பல், வயிறு ஆகிய மூன்றையும் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். "எனக்கு வலிக்கிறது" என்ற இரண்டு சொற்கள் இல்லாத குழந்தை வலியை உடலால் சொல்கிறது. சில குழந்தைகளுக்குச் சொத்தைப் பல்லைச் சரிசெய்த பிறகு, மாதக்கணக்கில் "நடத்தைப் பிரச்சினை" என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

உடல் காரணங்கள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பழக்கத்தைத் திருத்தும் வேலை தொடங்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் படுக்கை, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரைகள் அணைந்துவிடுதல், குளியல், உடைமாற்றம், விளக்கணைத்தல் என்ற வரிசையைப் படங்களாகச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றையும் அவனே தொட்டுக் காட்டிவிட்டுச் செய்வது ஆகியவை பலன் தருகின்றன. ஆனால் சில வாரங்கள் பிடிக்கும். இவையும் போதாவிட்டால் மெலட்டோனின் என்ற மருந்து சிலருக்கு உதவுகிறது. அதை மருத்துவர் எழுதித் தந்த அளவில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

ஆனால் அவன் உறங்கப் பழகும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. இரவை இரண்டாகப் பிரியுங்கள். வாரத்தில் மூன்று இரவுகளாவது, ஐந்து மணி நேரம் நீங்கள் வேறு அறையில், கதவை மூடிக்கொண்டு, என்ன சத்தம் கேட்டாலும் எழுந்திருக்கத் தேவையில்லை என்ற உறுதியோடு உறங்க வேண்டும். அந்த நேரம் கணவருடைய பொறுப்பு. வீட்டில் வேறு பெரியவர் இருந்தால் அவரும் சேர்ந்துகொள்ளலாம். இந்தக் கடிதத்தில் நான் எழுதுபவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பொறுமை, தியானம், நல்ல எண்ணங்கள் என்று எதைச் சொல்லிக் கொடுத்தாலும், தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் உறங்காத மூளை அதைப் பிடித்துக்கொள்ளாது.

அடித்ததைப் பற்றி. அது தவறு என்று உங்களுக்குத் தெரியும். தவறில்லை என்று நான் சொல்லி அதைச் சிறிதாக்கினால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். எந்தச் சூழலில் நடந்தது என்பதை நீங்கள் எழுதவில்லை, அவன் கட்டுப்பாடிழந்து கத்திக்கொண்டிருந்தபோதுதான் நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அடம் வேறு, இது வேறு. அடம்பிடிக்கும் குழந்தைக்கு ஒரு பொருள் வேண்டியிருக்கும், நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், கிடைத்ததும் நின்றுவிடும். 'மெல்ட்டவுன்' என்று தெரபிஸ்டுகள் சொல்லும் நிலையில் குழந்தை எதையும் கேட்கவில்லை. ஒலியோ ஒளியோ கூட்டமோ எதிர்பாராத மாற்றமோ தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் விழும் அடி, ஏற்கெனவே பொங்கி வழியும் புலன்களின் மேல் இன்னொன்றாகச் சேர்கிறது, பாடமாகப் பதிவதில்லை. அறிவுரை, கேள்வி, மிரட்டல் எதுவும் அப்போது உள்ளே போகாது. விளக்கைக் குறைத்து, மற்றவர்களை வெளியே அனுப்பி, தலைக்கு அடியில் மென்மையான ஒன்றை வைத்து, பேசாமல் அருகில் இருப்பதுதான் செய்யக்கூடியது. உங்கள் கை நடுங்கத் தொடங்குவதை நீங்கள் உணர்ந்தால், அவன் பாதுகாப்பாக இருக்கிறான் என்று உறுதிசெய்துவிட்டு, அவன் கண்ணில் படும் தொலைவில், வாசற்படிவரை விலகி நில்லுங்கள். வேறு யாராவது வீட்டில் இருந்தால், "இப்போது நீ பார்" என்ற ஒரே சொல்லில் அவர்கள் உங்கள் இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அமைதியான பிறகு அவனை அணைத்துக்கொள்ளுங்கள், அணைப்பு அவனுக்குப் பிடிக்குமென்றால்.

இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். முட்டுவதற்கோ கத்துவதற்கோ முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு என்ன நடந்தது என்ற மூன்றையும், நேரத்தோடு, ஓரிரு சொற்களில் எழுதினால் போதும். பத்து நாட்களில் ஏதோ ஓர் ஒழுங்கு தெரியவரும்: ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் ஒலிக்குப் பிறகு, பசி நேரத்தில், தெரபியிலிருந்து திரும்பும் வழியில் என்று. எல்லா நடத்தைகளையும் ஒருசேரத் திருத்த முற்படாமல், உடலுக்கு ஆபத்தான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நடத்தையால் அவன் எதைச் சொல்ல முயல்கிறானோ அதைச் சொல்ல ஒரு படம், ஒரு சைகை அவனுக்குக் கிடைக்க வேண்டும். "போதும்", "வலிக்கிறது", "வேண்டும்" ஆகிய மூன்று பட அட்டைகளோடு தொடங்கலாம். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது அச்சுறுத்தினால் நம்ப வேண்டாம், அதற்கு ஆதாரமில்லை. பல குழந்தைகளுக்கு அது பேச்சுக்குத் துணையாகவே இருந்திருக்கிறது.

நான்கு தெரபிகளைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு அது கூடுதலாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு தெரபிஸ்டிடமும், அடுத்த ஆறு மாதங்களில் அவன் எந்த ஒரு செயலைப் புதிதாகச் செய்வான் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். தெளிவான பதில் தருபவரைத் தொடருங்கள். பதில் தர இயலாதவரை நிறுத்துங்கள். தாயும் பிள்ளையும் வழியிலேயே சோர்ந்துபோனால் அந்த நாளில் எந்தப் பயிற்சியும் பதிவதில்லை. முழுவதும் குணப்படுத்துகிறேன் என்று உறுதியளித்து மருந்தோ, உடலிலிருந்து நச்சை வெளியேற்றும் சிகிச்சையோ விற்பவர்களை அணுகவே வேண்டாம். அத்தகைய சிகிச்சைகளால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

கணவரிடம் வருகிறேன். அவர் தாமதமாக வருவதும், பெரிதுபடுத்துகிறாய் என்பதும் உங்களை எவ்வளவு காயப்படுத்தும் என்று புரிகிறது. ஆனால் அதை அக்கறையின்மை என்று நான் உடனே தீர்ப்பெழுதமாட்டேன். தன்னால் சரிசெய்ய முடியாத ஒன்றின் முன்னால் நிற்க அஞ்சி, சரிசெய்யக்கூடிய அலுவலக வேலைக்குள் ஒளிந்துகொள்ளும் தந்தையரை அதிகம் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் உதவக்கூடாதா" என்று கேட்டால் அவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. "செவ்வாய், வியாழன், சனி இரவுகள் உங்களுடையவை; ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் அவனும் நீங்களும் மட்டும்; நான் வெளியே போகிறேன்" என்று நாளும் நேரமும் குறிப்பிட்டுக் கேளுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் தவறுகள் செய்வார், தொலைபேசியில் திருத்தாதீர்கள். ஒரு தெரபி அமர்வுக்கு அவர் தனியாகச் செல்லட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்களில் நூற்றுக்கு எண்பது பேர் பிரிந்துவிடுகிறார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்குக்கு ஆதாரம் கிடையாது. அந்த அச்சம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.

உங்களுக்குத் தேவையான இன்னொரு துணை என்னைப் போன்றவர்களிடம் இல்லை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் 243 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. அதில் வகுப்புகளை நடத்தியவர்கள், அதற்கெனப் பயிற்சி பெற்ற, அதே நிலையிலுள்ள தாய்மார்கள். வாரம் ஒன்றாக ஆறு வாரங்கள் கூடியதில், பங்கேற்றவர்களின் அழுத்தமும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன, உறக்கமும் மேம்பட்டது. விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒருவரிடம் பேசுவது எப்படியிருக்கும் என்பதை அனுபவித்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனமும், 2 முதல் 9 வயது வரையுள்ள, வளர்ச்சித் தாமதம் கொண்ட குழந்தைகளின் குடும்பங்களுக்காக, ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்ட ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கியிருக்கிறது. அதில் பராமரிப்பவரின் நலத்துக்கும் இடம் உண்டு. உங்கள் மகனுக்கு வயது ஏழுதான் என்பதால், அது அருகில் நடக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் விசாரியுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் தொட்டுவிடுகிறேன். அவன் பிறக்கும் முன்பு நீங்கள் மனதில் வளர்த்திருந்த ஒரு பிள்ளை உண்டு. அந்தப் பிள்ளை வரவில்லை. அதற்காகத் துக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு. ஆட்டிச இயல்புடையவரான ஜிம் சின்க்ளேர் 1993இல் ஒரு மாநாட்டில் பெற்றோர்களிடம் கேட்டுக்கொண்டது, அந்தத் துக்கத்தை எங்கள் முன்னால் வைத்து, எங்களுக்கான துக்கமாக்கிவிடாதீர்கள் என்ற பொருளில்தான். வராத பிள்ளைக்காக அழுங்கள், தனியாகவோ நம்பிக்கையானவரின் தோளிலோ. வந்திருக்கும் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதை மட்டும் ஒரு நாளில் பத்து நிமிடம், பயிற்சி எதுவும் இல்லாமல், அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாருங்கள். அவன் பொருட்களை வரிசையாக அடுக்கினால் நீங்களும் ஒன்றை அடுக்குங்கள். உள்ளே ஏதும் அசையவில்லை என்றாலும் உட்காருங்கள். உறக்கம் திரும்பும்போது அதுவும் மெல்லத் திரும்பும்.

"எனக்குப் பிறகு யார்" என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை, அதை அதிகாலை மூன்று மணிக்கு எடுக்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் எந்தக் கேள்விக்கும் நல்ல பதில் வராது. பகலில், கணவரோடு சேர்ந்து, மூன்று வேலைகளாக அதை மாற்றிக்கொள்ளுங்கள். அவனுக்கு எது பிடிக்கும், எது அச்சம், அவனுடைய எந்தச் சைகைக்கு என்ன பொருள், என்ன மருந்து என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். உங்கள் இருவரைத் தவிர, அவனோடு ஒரு மாலை முழுவதும் இருக்கத் தெரிந்த மூன்றாவது மனிதர் ஒருவரை இந்த ஆண்டுக்குள் பழக்குங்கள். பல் துலக்குவது, தானே உடுத்துவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது ஆகியவற்றில் ஆண்டுக்கு ஒன்றை அவன் துணையில்லாமல் செய்யும்படி கற்றுக்கொடுங்கள். சட்டப்படியான பாதுகாவலர் ஏற்பாடு, சேமிப்பு ஆகியவற்றை உங்கள் பகுதிச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் அடுத்த ஆண்டு பேசிக்கொள்ளலாம்.

இந்த வாரத்துக்கு இரண்டு வேலைகள் போதும்: மகனின் காதையும் பல்லையும் வயிற்றையும் காட்ட ஒரு முன்பதிவு, உங்களுக்காக ஒரு முன்பதிவு. இந்தக் கடிதத்தை அப்படியே கணவரிடம் படிக்கக் கொடுங்கள். எந்த மூன்று இரவுகளில் நீங்கள் தனியறையில் உறங்குவது என்று இருவரும் முடிவு செய்ததும், அதை மட்டுமாவது எனக்கு எழுதுங்கள். குறிப்பேடு இரண்டு வாரம் நிறைந்ததும் அதையும் அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம்.